முழுகவே இல்லாதவள் முழுகாமல் இருந்த கதை

"கடைசியாக பீரியட்ஸ் எப்போது வந்தது?" என்று கேட்டார் நர்ஸ். சீட்டில் எழுதப் பேனாவைத் தயாராக வைத்திருந்தார். மடியில் இருந்த எட்டரை மாத மகளைக் காட்டி, "இவள் வயிற்றில் வருவதற்கு முன்னால்" என்றேன். பேனா அப்படியே நின்றது.

அந்தக் கட்டம் காலியாகவே போனது. ஸ்கேன் செய்து பார்த்துவிட்டு 11 வாரம் என்றார்கள்.

கர்ப்பமாக இருப்பவளை 'முழுகாமல் இருக்கிறாள்' என்று சொல்கிறோம். மாதாமாதம் முழுகுகிறவள் ஒரு மாதம் முழுகாமல் இருந்தால் சேதி தெரிந்துவிடும். பிரசவத்துக்குப் பிறகு ஒரு தடவைகூட முழுகாதவளுக்கு எதை வைத்துத் தெரியும்? எனக்கு என் மகள்தான் காட்டிக்கொடுத்தாள். மார்பில் வாய் வைத்து நாலு இழுப்பு இழுப்பாள், உடனே தலையைத் திருப்பிக்கொண்டு அழுவாள். பால் குறைந்துபோயிருந்தது. எனக்கு வேறு காலையில் குமட்டல். ராத்திரித் தூக்கம் இல்லாததால் என்று ஒரு வாரம் என்னையே சமாதானம் செய்துகொண்டிருந்துவிட்டு, சோதனை அட்டை வாங்கிப் பார்த்தால் இரண்டு கோடு.

"பால் குடிக்கிற பிள்ளை இருக்கும்போது அது எப்படிடி?" என்றார் அம்மா. மாமியாரும் அதையே கேட்டார். கணவர் வாய்விட்டுக் கேட்கவில்லை, அவ்வளவுதான். பால் கொடுக்கும்வரை கரு நிற்காது என்பது எங்கள் நாலு பேருக்கும் தெரிந்த விஷயம். யார் சொல்லித் தெரிந்தது என்று கேட்டால் நாலு பேருக்கும் பதில் தெரியாது.

அந்த நம்பிக்கை பொய்யும் இல்லை. பொய்யாக இருந்திருந்தால் யாராவது ஒருத்தர் எப்போதோ எச்சரித்திருப்பார்கள். பெரும்பாலும் உண்மையாக இருப்பதால்தான் ஆளைக் கவிழ்க்கிறது. 1988இல் இத்தாலியின் பெலாஜியோ என்ற ஊரில் இதை ஆராய்ந்த நிபுணர்கள் கூடி, பல நாடுகளில் எடுத்த கணக்குகளை ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். முழுக்கத் தாய்ப்பால் கொடுக்கிற, இன்னும் மாதவிடாய் திரும்பாத பெண்ணுக்கு முதல் ஆறு மாதத்தில் 98 சதவீதத்துக்கு மேல் பாதுகாப்பு இருக்கிறது என்று முடிவு செய்தார்கள். 1995இல் மறுபடி கூடிப் பார்த்தபோதும் அதுதான் சரி என்று வந்தது. கருத்தடை மாத்திரைக்கு ஈடான பாதுகாப்பு. பால் கொடுப்பதால் மாதவிடாய் வராமல் இருப்பதையே கருத்தடையாக நம்பும் இதற்கு 'லாம்' (LAM) முறை என்று பெயர்கூட வைத்திருக்கிறார்கள்.

ஆனால் அதில் மூன்று நிபந்தனை இருக்கிறது. குழந்தைக்கு ஆறு மாதம் நிறைந்திருக்கக் கூடாது. தாய்க்கு மாதவிடாய் திரும்பியிருக்கக் கூடாது. குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டுமே, பகலில் நாலு மணி நேரத்துக்கு மேலும் இரவில் ஆறு மணி நேரத்துக்கு மேலும் இடைவெளி விழாமல், கொடுத்துக்கொண்டிருக்க வேண்டும். மூன்றில் ஒன்று போனாலும் அன்றோடு கதை முடிந்தது. எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது '98 சதவீதம்' மட்டும். நிபந்தனைகள் வழியிலேயே தங்கிவிட்டன.

ஸ்கேன் சொன்ன வாரத்தை வைத்து வீட்டுக்கு வந்து பின்னோக்கி எண்ணினேன். கரு நின்றபோது மகளுக்கு ஆறரை மாதம். இணை உணவு ஆரம்பித்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. அதற்கும் முன்னாலேயே அவள் ராத்திரி ஒரே மூச்சில் தூங்க ஆரம்பித்துவிட்டாள். மூன்றில் இரண்டு நிபந்தனை போயாகிவிட்டது, நான் மட்டும் மூன்றாவதைப் பிடித்துக்கொண்டு நிம்மதியாக இருந்தேன். பீரியட்ஸ்தான் வரவில்லையே!

இந்த இடத்தில்தான் நிறையப் பேர் சறுக்குகிறோம். பீரியட்ஸ் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று. சினைமுட்டை வெளிவருவது முதலில், மாதவிடாய் அதற்கு இரண்டு வாரம் கழித்து. அந்த முதல் முட்டையே கருவாகிவிட்டால் மாதவிடாய் என்ற அறிவிப்பே வராது. முதல் ஆறு மாதத்தில் நன்றாகச் சப்பிக் குடிக்கிற குழந்தை இருந்தால், முட்டை வராமலேயே முதல் மாதவிடாய் வந்துபோவது உண்டு. அது ஒரு எச்சரிக்கை மணி மாதிரி நமக்கு உதவும். ஆறு மாதத்துக்குப் பிறகு அந்த மணி அடிப்பதற்கு முன்பே முட்டை வந்துவிடும் வாய்ப்பு கூடிவிடுகிறது. ஆறு மாதம் என்ற கணக்கு வைத்ததற்கு ஒரு காரணம் இது. அந்த வயதில் இணை உணவு ஆரம்பித்துப் பால் குடிப்பது குறைவது இன்னொரு காரணம்.

இரண்டாவது பிரசவம் முடிந்து வார்டில் படுத்திருந்தபோது ஒரு நர்ஸ் அக்கா சொன்ன ஒரு வாக்கியம் மொத்தத்தையும் விளங்க வைத்தது. "தடுக்கறது பால் இல்லம்மா, சப்பறது." குழந்தை சப்பும்போது காம்பில் படும் தூண்டல் நரம்பு வழியாக மூளைக்குப் போகிறது. பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் ஏறுகிறது. அதோடு, சினைப்பைக்கு வேலை சொல்லும் ஹார்மோன் விட்டு விட்டுச் சுரக்கும் தாளம் தடுமாறுகிறது. சொல்ல ஆள் இல்லாமல் சினைப்பை சும்மா இருக்கிறது. அடிக்கடி சப்பினால்தான் இந்தத் தடுமாற்றம் நீடிக்கும். நீண்ட நேரம் விட்டுவிட்டால் தாளம் பழையபடி கூடிவிடும். புரோலாக்டின் இரவில்தான் அதிகம் ஏறும் என்பதால் ராத்திரிப் பாலுக்கு இதில் பெரிய பங்கு.

இதைக் கேட்ட பிறகு, பெரியவர்கள் சொன்ன 'எங்க காலத்துல பால் குடி மறக்கிற வரைக்கும் அடுத்தது தங்காது' என்பதும் புரிந்தது. ஆப்பிரிக்காவின் கலஹாரிப் பாலைவனத்தில் வாழும் குங் மக்களைப் பற்றி 1980இல் வந்த ஓர் ஆய்வு இருக்கிறது. அங்கே குழந்தைகள் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே பல தடவை, ஒவ்வொரு தடவையும் ஓரிரு நிமிடம் குடிக்கும். ராத்திரியும் அம்மா பக்கத்திலேயே. அந்தப் பெண்களுக்குப் பிள்ளைக்கும் பிள்ளைக்கும் நடுவே ஏறக்குறைய நாலு ஆண்டு இடைவெளி விழுந்தது. நாம் மூன்று மணிக்கு ஒரு தடவை, குழந்தையைத் தனித் தொட்டிலில் போட்டுக்கொண்டு அதே இடைவெளியை எதிர்பார்க்கிறோம். பாட்டி சொன்னது பொய்யில்லை. பாட்டி பால் கொடுத்த விதமே வேறு.

இரண்டாவதுக்குப் பிறகு நான் தெரிந்த பெண்களிடமெல்லாம் இதைப் பற்றிக் கேட்க ஆரம்பித்தேன். கொஞ்சம் வெட்கம் கெட்ட வேலைதான். ஆனால் ஒருத்தர் ஆரம்பித்தால் போதும், அப்புறம் நிறுத்துவதுதான் கஷ்டம்.

என் நாத்தனாருக்கு இந்த முறை ரொம்பப் பிடிக்கும். விழுங்க ஒன்றும் இல்லை, உள்ளே வைக்க ஒன்றும் இல்லை, யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். அவர் புகுந்த வீட்டில் கருத்தடை என்ற பேச்சை எடுத்தாலே முகம் மாறிவிடும். "பிள்ளைக்குப் பால் கொடுக்கிறதை யாராவது வேண்டாம்னு சொல்லுவாங்களா?" என்று கேட்டார். மறைக்கவே தேவையில்லாத ரகசியம். இதை நான் யோசித்ததே இல்லை. ஆனால் அவருக்குத் தெரியாமல் ஒன்று நடந்திருக்கிறது. அவர் கொஞ்சம் தூங்கட்டும் என்று மாமியார் பிள்ளையைத் தன் அறைக்குத் தூக்கிக்கொண்டு போய், ராத்திரி இரண்டு மணிக்குப் பாட்டிலில் பவுடர் பால் கொடுத்திருக்கிறார். பாசத்தில் செய்ததுதான், குற்றம் சொல்ல முடியாது. மூன்று வாரம் கழித்துப் பேச்சுவாக்கில் விஷயம் வெளியே வந்தபோது நாத்தனாருக்குக் கை கால் நடுங்கிவிட்டது. ஒன்றும் ஆகவில்லை, தப்பித்தார். இந்த முறையை நம்புகிறவர்கள் வீட்டில் குழந்தையைத் தூக்குகிற ஒவ்வொருவரிடமும் 'வேறு எதுவும் கொடுக்காதீர்கள், கொடுத்தால் என்னிடம் சொல்லுங்கள்' என்று சொல்லி வைத்திருக்க வேண்டும். காரணத்தைச் சொல்ல வேண்டியதில்லை. டாக்டர் சொன்னார் என்றால் போதும். மருத்துவர் எழுதிக்கொடுத்த சொட்டு மருந்து, எப்போதோ ஒரு வாய் தண்ணீர் இதெல்லாம் கணக்கைக் கெடுக்காது. ஒரு வேளைப் பாலுக்குப் பதிலாக இன்னொன்று போவதுதான் கெடுக்கும்.

அலுவலகத் தோழி ஒருத்திக்கு இந்தப் பேச்சே எரிச்சல். மூன்றாம் மாதமே வேலைக்குத் திரும்பினாள். மதியம் பூட்டிய அறையில் பம்ப் வைத்துப் பால் எடுத்து, பாட்டிலில் வீட்டுக்கு அனுப்பி, குழந்தைக்கு ஒரு சொட்டு வேறு எதுவும் கொடுக்காமல் ஆறு மாதம் ஓட்டினாள். "நான் கொடுத்ததும் தாய்ப்பால்தானே? அப்புறம் ஏன் எனக்கு நாலாம் மாசமே பீரியட்ஸ் வந்துச்சு?" என்றாள். குழந்தைக்கு அதில் எந்தக் குறையும் இல்லை, அது முழுத் தாய்ப்பால்தான். ஆனால் கருத்தடைக் கணக்கில் பம்ப்பும் குழந்தையின் வாயும் ஒன்றில்லை. சிலி நாட்டில் வேலைக்குப் போய்க்கொண்டே பால் எடுத்துவைத்துக் கொடுத்த தாய்மார்களைப் பற்றிய ஆய்வு 2000இல் வெளிவந்தது. அவர்களில் ஆறு மாதத்துக்குள் கருத்தரித்தவர்கள் நூற்றுக்கு 5 பேர். குழந்தையோடு இருந்து நேராகக் கொடுப்பவர்களில், முறை தவறாமல் இருந்தால் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. நடைமுறையில் ஏற்படும் தவறுகளையும் சேர்த்தால் 2 பேர். வேலைக்குத் திரும்பும் தேதி தெரிந்ததும் இன்னொரு முறையையும் தேடி வைப்பது நல்லது.

அப்புறம் எல்லாம் சரியாகச் செய்தும் இரண்டரை மாதத்தில் மாதவிடாய் வந்துவிட்ட பெண்ணும் இருக்கிறாள். யார் மேலும் தப்பில்லை, சில உடம்பு அப்படி. இதில் ஒரு குழப்பம் வரும். பிரசவத்துக்குப் பிறகு முதல் 56 நாளுக்குள் படும் ரத்தத்தை, முழுக்கப் பால் கொடுப்பவளுக்கு, மாதவிடாயாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அதற்குப் பிறகு சேர்ந்தாற்போல இரண்டு நாள் பட்டால், கொஞ்சமாக இருந்தாலும், அது மாதவிடாய்தான். 'இது நிஜமா, சும்மாவா' என்று விவாதித்துக்கொண்டிருக்காமல் வேறு பாதுகாப்புக்கு மாறிவிட வேண்டும்.

பக்கத்து வீட்டு அக்காவின் கருத்துதான் எனக்குள் ரொம்ப நாள் ஓடிக்கொண்டிருந்தது. "ஏற்கெனவே பிள்ளை பெத்தது நான், பால் கொடுக்கறது நான், ராத்திரி முழிக்கறது நான். இதுல கருத்தடையும் என் மார்புலயேவா? அந்த மனுஷன் என்னதான் செய்வாராம்?" என்றார். நியாயமான கேள்வி. என் வீட்டிலும் முதல் தடவை இப்படித்தான் நடந்தது. 'பால் கொடுக்கிறாய் அல்லவா' என்ற ஒரு வரியோடு கணவரின் பொறுப்பு முடிந்துவிட்டது.

இன்னொரு தோழி கேள்வியைக் கேட்டதும் விழுந்து விழுந்து சிரித்தாள். "அதுக்கெல்லாம் ஆசை எங்கடி இருக்கு? அதுவே எனக்குக் கருத்தடை" என்றாள். சிரிப்பாகச் சொன்னாலும் அதில் ஒரு உடல் விஷயம் இருக்கிறது. பால் கொடுக்கும் மாதங்களில் ஈஸ்ட்ரோஜன் குறைந்திருப்பதால் பிறப்புறுப்பு வறண்டு போகும், உறவு வலிக்கும். நிறையப் பெண்கள் தங்களுக்குத்தான் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொண்டு வெளியே சொல்வதில்லை. மருந்துக்கடையில் கிடைக்கும் வழுவழுப்பான ஜெல்லே பெரும்பாலும் போதும். தண்ணீர் கலந்த வகையாகப் பார்த்து வாங்க வேண்டும். எண்ணெய் வகை ஜெல் ஆணுறையைக் கெடுத்துவிடும்.

சரி, என் இரண்டாவது கதைக்கு வருகிறேன். மகன் பிறந்ததும் இந்தத் தடவை தெரிந்தே இந்த முறையில் இறங்கினேன். கட்டிலோரம் ஒரு கோடு போட்ட நோட்டு, நூலில் கட்டிய பென்சில். ராத்திரியில் இருட்டில் எழுதியதால் எழுத்தெல்லாம் கோடு தாண்டி ஓடும். '1.40 இடது. 4.05 வலது. 6.30 இரண்டும்.' பகல் கணக்கை எழுதவில்லை. அவன் பகலில் இரண்டு மணி நேரம் தாண்ட விட்டதே இல்லை. ராத்திரியின் மிக நீண்ட இடைவெளி எதுவோ அதை மட்டும் காலையில் வட்டம் போட்டு வைப்பேன். மூன்று மணி, மூன்றரை, நாலு, மறுபடி மூன்று.

நாலாம் மாதம் முடியும் சமயம், ஒரு நாள் விடிகாலையில் மார்பு கல்லாகக் கனத்து வலித்ததில் விழித்தேன். நைட்டி நனைந்திருந்தது. பக்கத்தில் அவன் கையைத் தலைக்கு மேலே விரித்துப் போட்டுக்கொண்டு நல்ல தூக்கத்தில் இருந்தான். மூச்சு வருகிறதா என்று மூக்கருகே விரல் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் மணி பார்த்தேன். 5.15. கடைசியாகக் குடித்தது 10 மணிக்கு. ஏழே கால் மணி நேரம்! வீட்டில் எல்லாருக்கும் சொல்லிக் கொண்டாட வேண்டிய விஷயம். நானோ நோட்டில் வட்டம் போட்டு, அதன் மேல் இன்னொரு வட்டமும் போட்டேன். பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தவரை உலுக்கி, "இனிமேல் காண்டம்" என்றேன். அவர் கண்ணைத் திறக்காமலே "இப்போவா?" என்றார்.

தூங்குகிற பிள்ளையை எழுப்பிப் பால் கொடுத்து இந்த முறையைத் தொடரலாமா என்று நர்ஸ் அக்காவிடம் கேட்டேன். "நல்லா எடை ஏறுது, நல்லா தூங்குது, அதை ஏன் எழுப்பணும்? மாத்த வேண்டியது உன் ஏற்பாட்டை" என்றார். அதுதான் சரியென்று எனக்கும் பட்டது. கருத்தடைக்காகப் பால் கொடுப்பது என்று ஆகிவிடக் கூடாது. எப்படியும் கொடுத்துக்கொண்டிருக்கிற பாலிலிருந்து கிடைக்கிற உபரி இது. பால் போதாமல் புட்டிப்பால் சேர்க்க வேண்டியிருந்தாலும் அப்படித்தான். குழந்தை வயிறு நிறைவது முதலில், கருத்தடைக்கு வேறு வழிகள் இருக்கின்றன.

அந்த வேறு வழிகளைத்தான் முதல் தடவை நான் முன்கூட்டியே யோசிக்கவில்லை. பால் கொடுக்கும்போது எதுவும் எடுக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஆணுறைக்கு எந்தத் தடையும் இல்லை. கருப்பைக்குள் வைக்கும் காப்பர் டியில் ஹார்மோனே கிடையாது, பாலுக்கு ஒன்றும் ஆகாது. பிரசவமான 48 மணி நேரத்துக்குள்ளோ, இல்லையென்றால் நாலு வாரம் கழித்தோ வைத்துக்கொள்ளலாம். புரோஜெஸ்டின் என்ற ஹார்மோன் மட்டும் உள்ள மாத்திரை இருக்கிறது, தினமும் ஒரே நேரத்தில் போட வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை போடும் ஊசியை ஆறு வாரத்துக்குப் பிறகு போட்டுக்கொள்ளலாம். சாதாரணமாகக் கடையில் கேட்டால் கொடுக்கும் ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரையைத்தான் தவிர்க்க வேண்டும். முதல் ஆறு வாரத்தில் அது ரத்தம் உறையும் ஆபத்தைக் கூட்டும், பால் கொடுப்பவர்களுக்கு ஆறு மாதம் வரை பொதுவாகப் பரிந்துரைப்பதில்லை. கல்யாணத்துக்குப் பிறகு போட்ட பழைய அட்டை பீரோவில் இருக்கிறதே என்று எடுத்துப் போட்டுவிடாதீர்கள். ரத்த அழுத்தமோ வேறு நோயோ இருந்தால் எது பொருந்தும் என்பது மாறும், அதை மருத்துவரிடம்தான் கேட்க வேண்டும்.

நான் காப்பர் டிக்குப் போனது மகனுக்கு ஐந்தாம் மாதம். ஆறு மாதம் முடிகிற நாள்வரை காத்திருக்க வேண்டாம் என்று நினைத்தேன், ஏனென்றால் அந்த நாள் எப்போதும் காய்ச்சலோ விருந்தாளியோ வந்து நழுவிப்போகும் நாளாகத்தான் இருக்கும். ஒரு பிரசவத்துக்கும் அடுத்த கருவுக்கும் நடுவில் குறைந்தது 24 மாதம் இருப்பது நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. என் மகளுக்கும் மகனுக்கும் பதினைந்து மாதம்தான் வித்தியாசம். மகனை வயிற்றில் சுமந்தபோது எனக்கு ரத்தசோகை, இடுப்பில் மகள். அந்த மாதங்களைப் பற்றி எனக்கு அதிகம் ஞாபகமே இல்லை. களைப்பு மட்டும் ஞாபகம் இருக்கிறது.

இன்னொன்று. பால் கொடுத்துக்கொண்டு மாதவிடாய் வராமல் இருக்கும் பெண், நிபந்தனை ஒன்று தவறியது தெரியாமல் உறவு வைத்திருந்தால், 72 மணி நேரத்துக்குள் போடும் லெவோநார்ஜெஸ்ட்ரல் என்ற அவசரக் கருத்தடை மாத்திரையைப் பால் கொடுத்துக்கொண்டே போடலாம். எவ்வளவு சீக்கிரம் போடுகிறோமோ அவ்வளவு நல்லது. அதோடு மூன்று வாரம் கழித்து சிறுநீர்ச் சோதனை செய்து பார்த்துவிட வேண்டும். நமக்கு நாள் தள்ளிப்போகும் அடையாளம் கிடையாது, சோதனை அட்டைதான் அடையாளம். என் மேஜை இழுப்பறையில் அந்த வருஷம் முழுக்க இரண்டு அட்டை கிடந்தது.

காப்பர் டி வைத்த பிறகு, மகனுக்கு ஏழாம் மாதத்தில், மாதவிடாய் வந்தது. அடுத்த வாரம் நூல் சரியாக இருக்கிறதா என்று காட்டப் போனேன். வேறு ஒரு நர்ஸ், அதே சீட்டு. "கடைசியாக பீரியட்ஸ் எப்போது?" என்றார். தேதியைச் சொன்னேன். எழுதிக்கொண்டார். "ராத்திரி 2.20க்கு" என்றும் சொன்னேன். அதற்குக் கட்டம் இல்லை என்றார்.